ஒன்றரை முழம் கறுப்பு

இரண்டாம் ஷிப்ட் விடும்போது மணி பத்தே முக்கால்.
கூழ் ஃபேக்டரி வாசலில்
வண்டிக்காரர்கள் எல்லாரும் உறுமிக்கொண்டு போனபிறகு
நானும் மோனிஷாவின் சைக்கிளும்.
பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீல சைக்கிள்.
அவள் ஓசூரில் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.
சீட்டை இன்னும் இறக்கவில்லை.
கட்டைவிரல் நுனிக்குத்தான் எனக்குத் தரை.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.
பைக்கில் போகிறவர்கள் ஒடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.
சைக்கிளுக்கு
முதலில் நாற்றம் வரும்,
அப்புறம் ஹேண்டிலில் கட்டிய டார்ச்சுக்குள் ஒரு மேடு,
அப்புறம் செருப்புக்குப் பக்கத்தில்
பேச்சுக் கொடுக்கிற தூரத்தில்
அது.

பாலக்கோடு ரோட்டில், புளியமரம் தாண்டி
திங்கட்கிழமை ஒரு கீரி.
லாரிக் காற்றுக்கு வால் மட்டும் எழுந்து எழுந்து படுத்தது.
உயிர் இருக்கிறதென்று இறங்கினேன்.

மழைக்கு மறுநாள் தவளைகள்.
எண்ணவில்லை.
பெடலை விட்டுவிட்டு இறக்கத்தில் உருண்டேன்,
மிதித்தால் என் கணக்கில் வந்துவிடும் என்பதுபோல.

ஆனி மாதம் ஒரு மரநாய்.
கடைவாயில் மஞ்சள் நார்.
பெங்களூரா.
சாயங்காலமெல்லாம் நான் அறுத்துத் தள்ளியதும் அதுதான்,
என் நகக்கண்ணிலும் அதே மஞ்சள்.
எனக்கு ஷிப்ட் முடிந்திருந்தது.
அதற்கு அப்போதுதான் ஆரம்பித்திருக்கும்.

கேரியரில் ஒரு உடைந்த க்ரேட் பலகை வைத்திருக்கிறேன்.
அடியில் கொடுத்து, இழுத்து, வேலியோரம் விடுவேன்.
புண்ணியம் ஒன்றும் இல்லை.
முதல் தடவை ஒரு செவலை நாயைத் தாண்டித்தான் வந்தேன்.
மறுநாள் அது தோலாக இருந்தது,
அதற்கு மறுநாள் கோணிச்சாக்கு மாதிரி.
நாலாம் நாள் ரோடு.
நாலே நாளில் ஒரு நாய் ரோடாகிவிடுகிறது.
அது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

திம்மக்கா கேட்டாள்:
"செத்ததைத் தொட்ட கையாலயா பழத்தைத் தொடறே?"
பழத்துக்குத்தானே அக்கா
க்ளவுஸ் தர்றாங்க என்றேன்.
சிரித்தாள்.
அன்றைக்கு மட்டும் சோற்றை என் பக்கத்தில் வைத்துத் தின்னவில்லை.

மோனிஷா போனில் சொன்னாள்,
பின்னாடி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும்மா,
லாரிக்காரனுக்கு நீ தெரிய மாட்டே.
இருபது ரூபாய். ஒட்டியிருக்கிறேன்.
மிஞ்சின துண்டை க்ரேட் பலகையில்.

போன வாரம் ரோட்டுக்கு வெள்ளைக்கோடு போட்டார்கள்.
ஓரக்கோடு வரவேண்டிய இடத்தில்
நீளவாக்கில் ஒரு தண்ணிப்பாம்பு காய்ந்து கிடந்தது.
முந்தின ராத்திரி பார்த்தேன்தான்.
சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்திருந்தார்கள்,
இறங்க மனசில்லை.
பெயின்ட் மிஷின் அதன் முதுகிலேயே ஏறிப் போயிருக்கிறது.
நாலைந்து நாள் வெள்ளையாய் இருந்தது பாம்பு,
தெரிந்தவர்களுக்கு மட்டும் லேசாய்ப் புடைத்து.
அப்புறம் வெயிலில் உரிந்ததோ
காக்கை தூக்கியதோ,
பெயின்ட்டோடு போய்விட்டது.

கோட்டின் நடுவே இப்போது
ஒன்றரை முழம் கறுப்பு.
தலைப்பக்கம் கொஞ்சம் அகலம்,
நடுவில் ஒரு வளைவு,
வால் வெள்ளைக்குள் மெலிந்து மறைகிறது.

டார்ச் வெளிச்சம் ஆட ஆட அதுவும் நெளிகிறது.
தினமும் பிரேக் பிடிக்கிறேன்.
தினமும் கட்டைவிரல் தரையைத் தேடுகிறது.
பலகையை எடுக்கக் கையும் போய்விடுகிறது
பின்னால்.

பகலில் பார்த்தால்
வெறும் தார்தான் என்று தெரியுமாக இருக்கும்.
பகலில் எனக்கு அந்தப் பக்கம்
வேலை இல்லை.